நான்காமவரை நினைப்போம்
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து கவனிப்பவர் ஆகிய நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்பது வள்ளுவர் வாக்கு. முதல் மூன்றைப் பற்றி நிறையப் பேசுகிறோம். நான்காமவரை மறந்துவிட்டோம். நான்கு காலில் ஒன்று ஒடிந்தால் கட்டில் நிற்குமா?

புற்றுநோய் வந்த வீட்டில் அந்த நான்காமவர் பெரும்பாலும் ஒரு பெண். என் பெரியம்மாவை இரண்டு ஆண்டுகள் கவனித்தவர் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத என் தாயார். வாய்ப்புண்ணுக்கு என்ன கொடுப்பது, இரவில் காய்ச்சல் கண்டால் விடியும்வரை பொறுக்கலாமா என்று கேட்க அவருக்கு ஆளில்லை. ஐந்து நிமிடக் கேள்விக்கு ஒரு நாள் கூலியை இழந்து, இரண்டு பஸ் மாறி நகரத்துக்குப் போனார். கீமோதெரபிக்குப் பின் வெள்ளணுக்கள் குறைந்திருக்கையில் வரும் காய்ச்சல் உயிருக்கே ஆபத்தாகலாம்; பொறுக்கக் கூடாது. இதை ஒரு செவிலியர் தொலைபேசியில் அரை நிமிடத்தில் சொல்லிவிடலாமே!

தொலைபேசியில் பேசினால் நோய் தீருமா என்று சிலர் கேட்பர். தீராது, துன்பம் குறையும். 2024இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், முற்றிய நுரையீரல் புற்றுநோய் கண்ட 1,250 பேர் சேர்க்கப்பட்டனர். வலி தணிப்பு ஆதரவுச் சிகிச்சையை நேரில் பெற்றவர்களுக்கும் காணொளி வழியே பெற்றவர்களுக்கும் வாழ்க்கைத் தரம் ஏறக்குறைய சமமாகவே இருந்தது. ஆனால் கவனிப்பவர்கள் கலந்துகொண்டது காணொளியில்தான் குறைவு. அங்கும் நான்காமவர் விடுபட்டார்!

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வலி தணிப்புச் சிகிச்சையை நம் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. அதனோடு தொலைபேசியையும் இணைக்க வேண்டும் என்பதே என் கருத்து. தொலைபேசி மட்டும் போதாது. 2020ஆம் ஆண்டின் தொலைமருத்துவ நெறிமுறைகள், மார்ஃபின் போன்ற மருந்துகளை அவ்வழியே எழுதித்தர இடமளிக்கவில்லை. ஆகவே வீடு தேடி வரும் செவிலியரும், அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் மார்ஃபின் இருப்பும் அவசியம்.

வாரம் ஒருமுறை மருத்துவமனையே அழைக்கட்டும். மாலை நேரமே ஏற்றது. பகலில் வீட்டுச் செல்போன் வேலைக்குப் போன மகனின் சட்டைப்பையில் இருக்கும். நோயாளியிடம் பேசியபின், கவனிப்பவரிடம் தனியே, "நீங்கள் சாப்பிட்டீர்களா? தூங்கினீர்களா?" என்று கேட்கட்டும்.

நண்பர்களே! நம்மில் பலர் வீட்டின் முதல் பட்டதாரிகள். மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்பவர்களும் நாமே. நம் தாய்மார்களுக்காக இதை நாம் கேட்காவிட்டால், வேறு யார் கேட்பார்கள்?