வகுப்புக்கு முன்பே வரும் மிரட்டல்

கலந்தாய்வில் இடம் உறுதியானதுமே பல முதலாண்டு மாணவர்கள் ஏதேனும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்துவிடுகிறார்கள். விடுதிக் கட்டணம், பேருந்துத் தடம், பழைய வினாத்தாள் எல்லாம் அங்கேயே தெரிந்துவிடுகின்றன. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறும் பிள்ளைக்கு இது பெரிய துணை.

மிரட்டலும் அதே வழியில்தான் நுழைகிறது.

1996இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் ஒருவர் கொல்லப்பட்ட கொடுமைக்குப் பிறகே, தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் 1997இல் வந்தது. அன்று விடுதி அறைக்குள் நடந்த வதை, இன்று நள்ளிரவில் கைப்பேசி வழியே வீட்டுக்கே வருகிறது. மூத்த மாணவர்கள் வாட்ஸ்அப் குழு அமைத்துப் புதியவர்களைத் துன்புறுத்துவதும் ராகிங்தான் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2025இல் எச்சரித்தது. சுற்றறிக்கையோடு நின்றுவிடாமல், சேர்க்கை நாளன்றே பேராசிரியர் பொறுப்பில் ஒரு வாட்ஸ்அப் குழுவைக் கல்லூரிகள் தொடங்க வேண்டும்.

மாணவர்களே, மிரட்டல் வந்தால் அந்தச் செய்தியை அழிக்காதீர்கள். 1800-180-5522 என்ற கட்டணமில்லா எண்ணில் புகார் சொல்லுங்கள்.