பை சுமப்பவருக்கே முதல் மரியாதை

ஆண்டு முழுவதும் கல்லாப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் வியாபாரிக்கு இரண்டு நாள் ஓய்வு தேவை என்பதை யாரும் மறுக்கப் போவதில்லை. அந்த இரண்டு நாளை எப்படிச் செலவிடுவது என்பதில்தான் அவரவர் புத்தி தெரியும். அமெரிக்காவில் சின்னஞ்சிறு ஊர்களின் வணிகர் சங்கங்கள்கூட ஆண்டுக்கு ஒருமுறை கோல்ஃப் மைதானத்தில் கூடுவது வழக்கம். இவற்றில் சில, 1980இல் வெளிவந்த 'கேடிஷாக்' என்ற நகைச்சுவைப் படத்தின் பாணியில் நடத்தப்படுகின்றன. பளபளக்கும் சட்டை, கோமாளித் தொப்பி, படத்தில் மைதானத்தையே தோண்டிப் பாழாக்கும் கோஃபர் என்ற வளை எலியின் பொம்மை எனக் கொண்டாட்டத்துக்குக் குறைவில்லை.

சிரிப்பதில் தவறே இல்லை. ஆனால் அந்தப் படத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதை விட்டுவிட்டு, வேடத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதே நம் கருத்து.

'கேடி' என்றதும் நம் ஊரில் போலீஸ் ஸ்டேஷன் பதிவேடுதான் நினைவுக்கு வரும். கோல்ஃப் மைதானத்துக் கேடியோ நேர்மையான உழைப்பாளி. ஓர் ஆட்டக்காரர் 14 மட்டைகள் வரை வைத்துக்கொள்ளலாம் என்பது ஆட்ட விதி. அந்தப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு 18 குழிகளுக்கும் கூடவே நடப்பவர் கேடி. குழி எத்தனை கெஜம் தள்ளி இருக்கிறது, எந்த மட்டையை எடுக்கலாம் என்று யோசனை சொல்வார். தொலைந்த பந்தைத் தேடுவார். ஆட்டக்காரர் மிதித்த மணலைச் சமன் செய்வார். மண்டியில் எந்தச் சரக்கு எந்த மூலையில் கிடக்கிறது என்பதை முதலாளியைவிட மூட்டை இறக்குபவர் நன்றாக அறிந்திருப்பார் அல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

படத்தின் கதையும் இப்படிப்பட்ட ஒரு பையனைப் பற்றியதே. டேனி நூனன் பணக்காரர்களின் கிளப் ஒன்றில் கேடியாக இருக்கிறான். கல்லூரியில் சேரப் பணமில்லை. கேடிகளுக்கென்று ஒரு கல்வி உதவித்தொகை இருக்கிறது. ஆனால் அது ஸ்மெய்ல்ஸ் என்ற நீதிபதியின் கையில் இருக்கிறது. அவர் மனம் கோணாமல் நடந்தால்தான் கிடைக்கும். அதே கிளப்புக்கு வரும் செர்விக் என்பவர் கட்டட வியாபாரத்தில் சம்பாதித்தவர், உரத்துப் பேசுபவர். பழைய பணக்காரர்கள் அவரைக் கண்டு முகம் சுளிக்கிறார்கள். கடைசியில் பெரும் பந்தயம் ஒன்றில் டேனி செர்விக்கின் தரப்பில் ஆட நேர்கிறது. ஆடினால் உதவித்தொகை கிடையாது என்று மிரட்டுகிறார் நீதிபதி. படம் முழுக்கச் சிரிப்பு என்றாலும், ஏழைப் பையனின் படிப்பு ஒரு பெரிய மனிதரின் முகக்குறிப்பில் தொங்குகிறதே என்ற உண்மை அதற்குள் இருக்கிறது.

இது வெறும் கற்பனையல்ல. கதை எழுதியவர்களில் ஒருவரான பிரையன் டாயில் மர்ரே, இல்லினாய் மாநிலம் வின்னெட்கா ஊரில் இந்தியன் ஹில் கிளப்பில் கேடியாக இருந்தவர். படத்தில் நடித்த அவர் தம்பி பில் மர்ரேயும், இயக்குநர் ஹெரால்ட் ராமிஸும் இளமையில் அதே வேலை செய்தவர்களே. 1979 இலையுதிர் காலத்தில் ஃபுளோரிடாவின் டேவி என்ற ஊரில் படம் பிடித்தார்கள். ஏறக்குறைய 60 லட்சம் டாலர் முதலீடு. அமெரிக்காவில் மட்டும் கிட்டத்தட்ட 4 கோடி டாலர் வசூல். மர்ரே சகோதரர்கள் 2001இல் படத்தின் பெயரிலேயே ஃபுளோரிடாவில் ஓர் உணவகமும் திறந்தார்கள். கேடியின் வியர்வையிலிருந்து பிறந்த சரக்கு இத்தனை காலம் விலைபோகிறது என்பதை வணிகர்களாகிய நாம் கவனிக்க வேண்டும்.

ஆனால் அந்தக் கேடி எங்கே? 1950களிலிருந்து மோட்டார் வண்டிகள் மைதானத்துக்குள் நுழைந்தன. ஒரு வண்டியில் இருவர் ஏறிக்கொள்ளலாம். வாடகை நேராகக் கிளப்பின் கல்லாவுக்குப் போகும். கேடிக்குக் கொடுக்கும் கூலியோ கேடியின் பைக்குப் போகும். எது வளர்ந்திருக்கும் என்று வியாபாரிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இன்று பெரும்பாலான அமெரிக்க மைதானங்களில் கேடியே கிடையாது. கேடியின் பெயரால் விழா எடுப்பவர்கள், கேடியே இல்லாமல் வண்டியில் ஏறிச் சுற்றி வருகிறார்கள்!

படத்தில் வரும் உதவித்தொகைக்கு நிஜ வாழ்வில் ஒரு சிறந்த முன்மாதிரி உண்டு. சிக் இவான்ஸ் என்பவர் சிகாகோவில் கேடியாகத் தொடங்கி, 1916இல் யு.எஸ். ஓப்பன் பட்டம் வென்றவர். தொழில்முறை ஆட்டக்காரராக மாற விரும்பாததால், ஆட்டத்தின் புகழால் வந்த பணத்தை அவர் தனக்கென்று எடுத்துக்கொள்ளவில்லை. தாயாரின் யோசனைப்படி கேடிகளின் படிப்புக்கு ஒதுக்கினார். வெஸ்டர்ன் கோல்ஃப் சங்கம் அந்த நிதியின் பொறுப்பை ஏற்றது. 1930இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் இரண்டே மாணவர்களுடன் தொடங்கிய இவான்ஸ் உதவித்தொகையால் இதுவரை பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பட்டம் பெற்றிருக்கிறார்கள். மர்ரே சகோதரர்களில் மூத்தவரான எட் அவர்களில் ஒருவர். கேடி வேலையில் நல்ல பெயர், படிப்பில் மதிப்பெண், குடும்பத்தின் வறுமை, நன்னடத்தை என்ற நான்கையும் பார்த்தே தேர்வு நடக்கிறது. ஒருவர் முகம் கோணினால் பறிபோகும் சலுகை அல்ல அது.

ஆகவே இந்தப் படத்தை நினைத்து இரண்டு நாள் பயணம் போடுகிறவர்களுக்கு நம் யோசனை இதுதான். முதலாவது, படம் பிடித்த இடத்துக்கே போக வேண்டும் என்று அலையத் தேவையில்லை. டேவி ஊர் மைதானம் இன்று கிராண்ட் ஓக்ஸ் என்ற பெயரில் உறுப்பினர்களுக்கான தனியார் கிளப்பாக இருக்கிறது. கட்டணம் செலுத்தி எவரும் ஆடக்கூடிய பொது மைதானமே போதும். கேடி கிடைக்கும் மைதானமா என்பதை மட்டும் முதலில் விசாரிக்க வேண்டும்.

இரண்டாவது, நான்கு நான்கு பேராகப் பிரிந்து ஆடட்டும். நால்வரும் அடித்து, நன்றாக விழுந்த பந்தின் இடத்திலிருந்தே அடுத்த அடியையும் நால்வரும் அடிப்பது 'ஸ்கிராம்பிள்' முறை. மட்டையே பிடித்தறியாதவரும் இதில் கூச்சமின்றிக் கலந்துகொள்ளலாம். 18 குழிகள் ஆட நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால் ஒரு நாளைக்கு ஓர் ஆட்டம் போதும்.

மூன்றாவது, பந்தயம் வேண்டாம். படத்தில் பந்தயத் தொகை பல்லாயிரம் டாலருக்கு ஏறுவது சிரிப்பதற்காக. கூட்டு வியாபாரம் செய்பவர்கள் விளையாட்டில் பணத்தை வைத்தால் திரும்பி வரும்போது பகையோடுதான் வருவார்கள்.

நான்காவது, செலவுக் கணக்கின் முதல் வரியில் கேடியின் கூலியை எழுத வேண்டும். சாப்பாட்டுக்கும் கோப்பைக்கும் போக மிஞ்சியதைக் கொடுப்பது தர்மம் ஆகாது. கேடி இல்லாத மைதானமானால், அந்தத் தொகையைக் கணக்கிட்டுக் கல்வி நிதிக்கு அனுப்பிவிடலாம்.

கோல்ஃப் நமக்கு எட்டாத ஆட்டம் என்று வாசகர்கள் ஒதுக்கிவிடக் கூடாது. நம் சங்கங்களிலும் ஆண்டு விழா மேடையில் ஏழை மாணவர்க்கு உதவித்தொகை வழங்குகிறோம். யாருக்கு, எந்த அடிப்படையில் என்று எழுதி வைத்திருக்கிறோமா? கடைச் சிப்பந்தியின் பிள்ளைக்கும் சுமைதூக்கும் தொழிலாளியின் பிள்ளைக்கும் அதில் இடம் இருக்கிறதா? தலைவர் மாறினாலும், அந்தப் பிள்ளையின் தகப்பனார் வேறு கடைக்குப் போனாலும் உதவி தொடருமா? இவற்றுக்குத் தெளிவான விதி இல்லாத வரை நாமும் அந்தப் படத்து நீதிபதியின் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறோம். அடுத்த பொதுக்குழுவில் இதை முதல் பொருளாக வைத்து விவாதித்து, எழுத்தில் விதி வகுத்து நிறைவேற்ற வேண்டும்.