சத்தமில்லாத பத்து நிமிடம்



சென்ற மாத வாலிபர் கூட்டத்தில் பாட்டும் ஒலிவாங்கியும் இல்லாமல், ஒருவரும் வாய்விட்டு ஜெபிக்காமல் பத்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தோம். நான்காம் நிமிடத்திலேயே இருமல், கதிரை உரசும் சத்தம், எங்கோ ஒரு கைத்தொலைபேசி. முடிந்தபின் ஒருவர் சொன்னது எங்களைத் தைத்தது. "அமைதியாயிருந்தால் எனக்குப் பயமாயிருக்கிறது. மறக்க நினைத்ததெல்லாம் வருகிறது."

இது அவருக்கு மட்டும் உரியதல்ல. ஒஷாவாவில் நம் வீடுகள் பலவற்றில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டேயிருக்கும், பார்க்க ஆளிராது. யுத்தத்தைக் கண்டு வந்த பெற்றோருக்கு அந்தச் சத்தம் ஒரு போர்வை. அதைக் குறைசொல்ல எங்களுக்கு மனமில்லை.

எலியாவும் சத்தத்திலிருந்து வந்தவன்தான். கர்மேலில் பாகாலின் தீர்க்கதரிசிகள் காலைமுதல் மத்தியானம்வரை கூப்பிட்டார்கள். வெற்றி எலியாவுக்கு. ஆனாலும் யேசபேலின் மிரட்டல் வந்ததும் ஓடிப்போய், சாகவேண்டும் என்று கேட்டான். ஓரேபில் காற்றும் பூமியதிர்ச்சியும் அக்கினியும் கடந்தபின் மெல்லிய சத்தம் வந்ததை ஓய்வுநாள் பாடசாலையிலேயே படித்திருக்கிறோம். ஆனால் 1 இராஜாக்கள் 19ஐ இன்னொருமுறை வாசியுங்கள். 10ஆம் வசனத்தில் சொன்ன பதிலையே 14ஆம் வசனத்திலும் எலியா திரும்பச் சொல்கிறான். அந்த அமைதி அவன் துக்கத்தை உடனே துடைத்துவிடவில்லை. கர்த்தர் இரண்டு தரமும் கேட்டார், இரண்டு தரமும் பொறுமையாய்க் கேட்டுக்கொண்டார். பிறகே வேலை கொடுத்தார், துணைக்கு எலிசாவைக் காட்டினார், இன்னும் 7,000 பேர் இருப்பதைச் சொன்னார்.

"மௌனமாய் உட்காருவது நம்முடைய வழியா?" என்று பெரியவர்கள் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. மனதை வெறுமையாக்கச் சொல்லவில்லை. ஒரு வசனத்தோடு ஆண்டவர் முன் இருக்கிறோம், அவ்வளவுதான். வட ஆற்காட்டுத் திருப்பத்தூரில் 1921இல் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கிய இரு மருத்துவர்களும், யேசுதாசன் என்ற தமிழரும் ஃபாரஸ்டர் பேட்டன் என்ற ஸ்கொட்லாந்துக்காரரும், புரொட்டஸ்தாந்தரே. தியானமும் நோயாளிகளைப் பராமரிப்பதும் அங்கே சேர்ந்தே நடந்தன. யாழ்ப்பாணத்து மருதனார்மடத்திலும் ஓர் ஆசிரமம் உண்டு. அம்மம்மாவைக் கேளுங்கள், கதை வரும்.

எங்கே உட்காருவது? வேலைக்கும் படிப்புக்கும் கோ ரயிலில் போகிறவர்களுக்கு, காலை நெரிசல் வேளையில் மேல்தட்டு அமைதிப் பகுதிதானே. ரயில் ஒஷாவாவிலிருந்தே புறப்படுவதால் இருக்கையும் கிடைக்கும். விற்பி தாண்டி ஏஜாக்ஸ் வரும்வரை காதுக்கருவியைப் பைக்குள் வையுங்கள். நித்திரை வந்தால் வரட்டும். எலியாவுக்கும் முதலில் கிடைத்தது நித்திரையும் அப்பமும்தான்.

அடுத்த கூட்டத்திலும் பத்து நிமிடம் இருப்போம். இந்தமுறை கதிரைகளை இரண்டிரண்டாகப் போடுகிறோம். நினைவுகள் பாரமானால் பக்கத்திலிருப்பவரின் தோளைத் தொடுங்கள். இருவரும் எழுந்து வெளியே போய்ப் பேசலாம். தேநீர் கொதித்துக்கொண்டிருக்கும்.