வெட்டி எறிந்த அரை மணி நேரம்

டிசி ஸ்டுடியோஸ் தலைவர்களில் ஒருவரான திரு. ஜேம்ஸ் கன் அவர்களுக்கு,

‘க்ளேஃபேஸ்’ படத்தைப் பெரியவர்களுக்கான ‘ஆர்’ சான்றிதழ் படமாகவே எடுப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். நல்ல முடிவு. ஆனால் உங்களுக்கு முன்னால் வார்னர் பிரதர்ஸில் இருந்தவர்கள் 2016-இல் செய்த காரியத்தை நினைவுபடுத்தாமல் இருக்க முடியவில்லை.

அந்த ஆண்டு வெளிவந்த ‘பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்’ முதல் வார இறுதியில் வட அமெரிக்காவில் மட்டும் 16.6 கோடி டாலர் வசூலித்தது. அடுத்த வார இறுதியில் அதில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. பார்த்துவிட்டு வந்தவர்கள் பேசிய பேச்சுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. சூப்பர்மேன் சிரிப்பதே இல்லை என்றார்கள். இருவரின் அம்மாவுக்கும் மார்த்தா என்று பெயர் இருப்பதால் சண்டை நிற்பதைக் கேலி செய்தார்கள். பேட்மேன் ஆட்களைச் சர்வசாதாரணமாகக் கொல்கிறாரே என்று காமிக்ஸ் வாசகர்கள் கொதித்தார்கள். இந்தக் கடைசிக் கோபத்தில் நானும் அவர்கள் பக்கம்தான். கொல்லாமை அந்தப் பாத்திரத்தின் முதுகெலும்பு.

இன்னொரு புகாரும் இருந்தது. வாஷிங்டன் கேபிடல் கட்டடத்தில் விசாரணை நடக்கும்போது குண்டு வெடிக்கிறது. சூப்பர்மேன் நெருப்புக்கு நடுவே சோகமாக நிற்கிறார், பிறகு போய்விடுகிறார். அடிபட்டவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்காதவன் என்ன நாயகன் என்று ரசிகர்கள் கேட்டார்கள். சில மாதங்கள் கழித்து வீட்டு வீடியோவில் மூன்று மணி நேரப் பதிப்பு வந்தது. அதில் அதே சூப்பர்மேன் காயம்பட்டவர்களைத் தூக்கிவந்து காப்பாற்றுகிறார்! இயக்குநர் ஸாக் ஸ்னைடர் எடுத்து வைத்திருந்த காட்சிதான் அது. தியேட்டருக்காக வெட்டிய அரை மணி நேரத்தோடு போயிருந்தது. ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் நடந்த கொலைகளின் பழி சூப்பர்மேன் தலையில் எப்படிச் சுமத்தப்பட்டது, அவரே கிளார்க் கென்ட்டாகப் பேட்மேனை ஏன் துருவினார் என்பதற்கான விளக்கமும் அதே குப்பைக்கூடையில்தான் கிடந்தது.

தியேட்டர் பதிப்புக்குச் சிறுவர்களும் பார்க்கலாம் என்ற ‘பிஜி-13’. முழுப் பதிப்புக்கு ‘ஆர்’. பெரியவர்களுக்காக எழுதிய கதையை எல்லோருக்கும் விற்க நினைத்து நறுக்கினார்கள். அந்த நறுக்கலில் காரணங்கள் போயின, இருட்டு மட்டும் மிஞ்சியது. நியாயம் புரிய வேண்டுமென்றால் ரசிகர் இரண்டாம் முறையும் பணம் கொடுக்க வேண்டியிருந்தது.

கம்பெனி இதிலிருந்து கற்ற பாடம் அதைவிட மோசம். இருட்டுதான் குற்றவாளி என்று முடிவுகட்டினார்கள். அடுத்து வந்த ‘ஜஸ்டிஸ் லீக்’ இரண்டு மணி நேரமாகச் சுருங்கியது. மகளை இழந்த துயரத்தில் ஸ்னைடர் விலகிய பிறகு, ஜாஸ் வீடன் வந்து நகைச்சுவை தூவினார். 2017-இல் வெளியான அந்தப் படம், திட்டு வாங்கிய முந்தைய படத்தைவிடக் குறைவாகவே வசூலித்தது.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். ‘ஜஸ்டிஸ் லீக்’ படத்தின் ஸ்னைடர் பதிப்பை வெளியிடச் சொல்லி எழுந்த கூட்டத்தில் வசைபாடியவர்களும் மிரட்டியவர்களும் இருந்தார்கள். அவர்களுக்காக நான் வாதாட வரவில்லை. அதே கூட்டம்தான் தற்கொலைத் தடுப்புக்கான அமெரிக்க அறக்கட்டளைக்கு லட்சக்கணக்கான டாலர் திரட்டிக் கொடுத்தது என்பதையும் மறக்க வேண்டாம். 2021-இல் நான்கு மணி நேரப் படம் வெளிவந்தது, ‘ஆர்’ சான்றிதழோடு.

வார்னருக்கு இது பழைய வியாதி. 1992-இல் டிம் பர்ட்டனின் ‘பேட்மேன் ரிட்டர்ன்ஸ்’ படத்துக்கு மெக்டொனால்ட்ஸ் குழந்தைகள் சாப்பாட்டோடு பொம்மை கொடுத்தது. படத்தில் வாயில் கரிய எச்சில் ஒழுகும் பென்குயினைக் கண்ட பெற்றோர் கொந்தளித்தார்கள். வார்னரில் பர்ட்டனை நகர்த்திவிட்டு அடுத்த படங்களை ஜோயல் ஷூமேக்கரிடம் ஒப்படைத்தார்கள். 1997-இல் ‘பேட்மேன் அண்ட் ராபின்’ கவிழ்ந்த பிறகு, அடுத்த பேட்மேன் படத்துக்கு 2005 வரை காத்திருக்க நேர்ந்தது.

இதற்கு மாறாக, பெரியவர்களுக்கென்றே வந்த படங்களைப் பாருங்கள். ‘லோகன்’ படத்தில் ஒரு சிறுமி ஆட்களைக் குத்திச் சாய்க்கிறாள். யாரும் ஏமாற்றிவிட்டதாகச் சொல்லவில்லை. திரைக்கதைக்கு ஆஸ்கர் பரிந்துரையே கிடைத்தது. ‘ஜோக்கர்’ பற்றி ஏகப்பட்ட சண்டை, ஆனாலும் நூறு கோடி டாலரைத் தாண்டியது. இந்தியாவில் இரண்டும் ‘ஏ’ சான்றிதழோடுதான் வந்தன. உள்ளே போகிறவருக்கு எந்தப் படத்துக்குப் போகிறோம் என்பது வாசலிலேயே தெரிந்திருந்தது.

நீங்களே ‘தி சூசைட் ஸ்குவாட்’ படத்தை ‘ஆர்’ படமாக எடுத்தவர். ஆகவே கேட்கிறேன்: பெரியவர்களுக்கான படம் என்றால் கதை எழுதும்போதே முடிவு செய்யுங்கள். அதைக் காட்டிக் குழந்தைகளுக்குப் பொம்மை விற்காதீர்கள். படத்தொகுப்பு மேசையில் பயந்துபோய்க் கத்திரிக்கோலை எடுக்காதீர்கள். பிடிக்கிறதா இல்லையா என்பதை முழுப் படத்தையும் பார்த்துவிட்டு நாங்கள் சொல்கிறோம்.

இப்படிக்கு,
டிக்கெட் வாங்கிப் பார்க்கும் ஒரு ரசிகன்