ஏட்டைக் கிழிக்கலாமா?

உங்கள் பள்ளி விஞ்ஞான மன்றக் குறிப்பேட்டில் நீங்கள் ஒரு கேள்வி எழுதுகிறீர்கள். அதன் கீழே பத்துப் பேர் பதில் எழுதுகிறார்கள், பலமான தர்க்கம்! கடைசியில் உங்கள் கேள்வியே தவறு என்று தெரிகிறது. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட உங்களுக்கு உரிமை உண்டா?

இல்லை என்பேன். கேள்விதான் உங்களுடையது, பதில்கள் உங்களுடையவை அல்லவே!

கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடத்தைப் பாருங்கள். 1909-ல் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளியிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்த இடம் அது. 1904 முதல் அங்கே நாள்தோறும் சூரியனைப் படம் எடுத்து வந்திருக்கிறார்கள். (மேகம் விட்டுக்கொடுத்த நாட்களில்தான்; பழனி மலை மேகம் லேசுப்பட்டதல்ல!) பல படங்களில் ஒரு புள்ளிகூட இராது. "இதில் என்ன இருக்கிறது?" என்று அவற்றை எறிந்திருந்தால்? புள்ளியற்ற நாட்களையும் சேர்த்து எண்ணினால்தானே, சுமார் 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை புள்ளிகள் பெருகிக் குறைவது சரியாகத் தெரியும்! அந்தக் கண்ணாடித் தகடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, நூறாண்டுச் சூரியனை இன்று ஆராய்கிறார்கள். எது பிற்காலத்தில் உதவும் என்று எடுத்தவர்களுக்கு எப்படித் தெரியும்?

ஆகவே, தவறை ஒற்றைக் கோட்டால் அடியுங்கள். அடித்தது படிக்கும்படி இருக்கட்டும். பக்கத்தில் திருத்தமும் தேதியும் எழுதுங்கள்.

ஒருவரை இழிவுபடுத்தும் வரி இருந்தால்? அதை நீக்கத்தான் வேண்டும். ஆனால் எழுதியவர் ரகசியமாக நீக்கக் கூடாது. மன்றம் கூடி முடிவெடுத்து, "இங்கே ஒரு வரி நீக்கப்பட்டது" என்று குறிக்க வேண்டும்.

உங்கள் சொந்த டயரி வேறு விஷயம். அதை அடுப்பில் போட்டாலும் யாரும் கேட்க முடியாது.