நூறு வாட் ஆசை

நம் இளைஞர்கள் பழைய சிறு மோட்டார் சைக்கிளை வாங்கியதும் ஜே.சி. ரோடு உதிரிபாகக் கடைக்கு ஓடி, நூறு வாட் பல்பு கேட்கிறார்கள். பெங்களூர் மழையிரவின் சாலைக் குழிகளை எண்ணினால் ஆசை நியாயமே. ஆனால் 12 வோல்ட்டில் 35 வாட் பல்பு இழுப்பது சுமார் 3 ஆம்பியர். 100 வாட் பல்போ 8க்கும் மேல். சூடு மின்னோட்டத்தின் வர்க்கமாக ஏறும், அதாவது எட்டு மடங்கு! ஒயர் உறை உருகும், சுவிட்ச் கருகும். எதிரே வருபவர் கண் கூசுவது தனிக்கதை.

அழகுக்காகச் சேலைக் கார்டைக் கழற்றுவதை என்னால் பொறுக்கவே முடியவில்லை. பின்னால் அமர்பவரின் உடை சிக்காதிருக்க, பின்சக்கரத்தில் பாதிக்கேனும் மறைப்பு வேண்டும் என்கிறது 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதி 123. உட்காரப்போவது நம் வீட்டுப் பெண்கள்தானே?

பை மாட்டும் கொக்கி, மட்கார்டு ரப்பர் ஆகியவற்றைத் தாராளமாக நாமே பொருத்தலாம். வெளிச்சம் போதவில்லையென்றால் முதலில் விளக்குக் கண்ணாடியைத் துடைத்து, எர்த் இணைப்பின் துருவைச் சுரண்டிப் பாருங்கள்.