ஆன் பண்றது ஈஸி... ஆஃப் பண்ணத் தெரியுமா?

நமக்கு ஊரு கயத்தாறு. 1799-ல கட்டபொம்மனைத் தூக்குல போட்ட ஊர். எந்தப் பக்கம் திரும்பினாலும் காத்தாடி சுத்துற ஊர். கரிசல் காட்டுல கடலுக்கு எங்க போக? ஆனா, போன மார்ச் மாசம் எங்க வீட்டு வாசல்ல ஒரு போட் இன்ஜின் நின்னுச்சு. போறவங்க வர்றவங்க எல்லாம், "என்னலே, கண்மாய்ல கப்பல் விடப்போறியளா?"னு கேட்டு மானத்தை வாங்கிட்டாங்க.

மேட்டர் இதுதான். என் ரூம்மேட் தூத்துக்குடி திரேஸ்புரத்துப் பையன். அவங்கப்பா ஃபைபர் போட்டுல கடலுக்குப் போறவர். அவர்கிட்ட செல்ஃப் ஸ்டார்ட் வச்ச பழைய அவுட்போர்டு இன்ஜின் ஒண்ணு சும்மா கிடந்துச்சு. உப்புக்காத்துல சாவி சுவிட்ச் அரிச்சுப்போச்சு. ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகு போகலாம், மீனுக்கும் நல்ல விலை கிடைக்கும். "அதுக்குள்ள சரி பண்ணிக் குடுங்கப்பா, ஸ்பேருக்கு ஆகும்"னார். நாங்க ரெண்டு பேரும் இன்ஜினீயரிங் மூணாவது வருஷம். எங்கப்பாவோ டூவீலர் மெக்கானிக். கெத்து காட்ட இது போதாதா?

அப்பா கோவில்பட்டிக்கு ஸ்பேர் வாங்கப் போன நேரமாப் பாத்து வேலையை ஆரம்பிச்சோம். பழைய கார் சுவிட்ச் ஒண்ணு கிடந்துச்சு. சாவியைத் திருப்பினா கரன்ட் போகணும், அவ்வளவுதானேன்னு மிச்சமிருந்த வெள்ளை ஒயரை, 12 வோல்ட் வர்ற முனையில மாட்டிட்டோம். சாவியைத் திருப்பினோம். செல்ஃப் சுத்துச்சு, இன்ஜின் பிடிக்கல. மூணாவது தடவை கருகல் வாசனை. சி.டி.ஐ. யூனிட் காலி!

அப்பா வந்து பாத்தார். திட்டல. அதுதான் வயித்தைக் கலக்குச்சு. "ஏலே, வண்டியை நிறுத்தும்போது உள்ள என்ன நடக்குன்னு சொல்லு பாப்போம்"னார். ரெண்டு பேரும் முழிச்சோம்.

உங்களுக்கும் தெரியாதுன்னா கேட்டுக்கோங்க. கார்ல சாவியை ஆஃப் பண்ணா இக்னிஷனுக்குப் போற பேட்டரி கரன்ட் கட் ஆகும், இன்ஜின் நிக்கும். இந்த மாதிரி பழைய அவுட்போர்டுல அப்படி இல்ல. ஃப்ளைவீல்ல இருக்கிற காந்தம் சுத்தும்போது காயில்ல அதுவே கரன்ட் தயார் பண்ணிக்கும். பேட்டரி செல்ஃப் அடிக்க மட்டும்தான். அதனால பேட்டரியைக் கழட்டினாலும் இன்ஜின் ஓடும். நிறுத்தணும்னா ஸ்டாப் ஒயரை எர்த்தோட சேர்க்கணும். அதாவது, ஆஃப்ல சுவிட்ச் பிரியாது, சேரும்! பழைய மேக்னெட்டோ பைக்லயும் இதே கதைதான். அந்த ஸ்டாப் ஒயர்லதான் நாங்க 12 வோல்ட்டைக் குடுத்து சி.டி.ஐ.யைக் கருக்கினோம்.

அப்புறம் நடந்தது ஒழுங்கான வேலை. எக்ஸாம் ஃபீஸுக்கு வச்சிருந்த காசுல செகண்ட் ஹேண்ட் சி.டி.ஐ. வாங்கினோம். மேக்னெட்டோ டைப் சுவிட்ச்தான் வேணும்னு கேட்டு வாங்கினோம். அதுல ரெண்டு 'எம்' முனை இருக்கும். மல்ட்டிமீட்டரை வச்சுப் பாருங்க: ஆஃப்ல ரெண்டு 'எம்'மும் சேரணும், ஆன்ல பிரியணும்.

பேட்டரி நெகட்டிவைக் கழட்டிட்டுத்தான் கை வைக்கணும். யமஹா அவுட்போர்டுகள்ல வழக்கமான கலர் இது: பேட்டரியிலேர்ந்து வர்ற சிவப்பு 'பி'யில, செல்ஃபுக்குப் போற பிரவுன் 'எஸ்'ல, சாவி போட்டதும் மத்த ஐட்டங்களுக்குக் கரன்ட் குடுக்கிற மஞ்சள் 'ஏ'ல. வெள்ளை ஸ்டாப் ஒயர் ஒரு 'எம்'ல, கறுப்பு எர்த் இன்னொரு 'எம்'ல. கம்பெனிக்குக் கம்பெனி கலர் மாறும் பாஸ், கலரை மட்டும் நம்பாதீங்க. பழசைக் கழட்டுறதுக்கு முன்னாடி செல்போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. ஒயரை முறுக்கி டேப் சுத்துற நம்ம ஹாஸ்டல் டெக்னிக் உப்புத் தண்ணிகிட்ட செல்லாது. லக் வச்சு அழுத்தி, மேல ஹீட் ஷ்ரிங்க் போடணும்.

டெஸ்ட் பண்ண, கீழ் பகுதி முங்குற அளவுக்கு டிரம்ல தண்ணி வேணும். தண்ணி இல்லாம ஓட்டினா உள்ள இருக்கிற ரப்பர் இம்பெல்லர் போயிடும். எங்க ஊர்ல ஒரு டிரம் தண்ணியை இன்ஜினுக்கு ஊத்தினதுக்கு அம்மா பேசின பேச்சு இருக்கே... அது தனி எபிசோட்!

ஏப்ரல் 10 வாக்குல ரூம்மேட்டோட அப்பா வந்தார். சாவியைத் திருப்பினதும் இன்ஜின் பிடிச்சுது. நாங்க கைதட்டினோம். அவர் சிரிக்கல. ஆஃப் பண்ணினார். திரும்ப ஸ்டார்ட் பண்ணி, சிவப்புக் கயிறு மாட்டின கிளிப்பை உருவினார். நின்னுச்சு. இப்படி மூணு தடவை. அப்புறம்தான் சொன்னார்: "கிளம்பலேன்னா கரையில கிடப்பேன் தம்பி. நான் தண்ணியில விழுந்து இது நிக்கலேன்னா, போட்டு சுத்திட்டு வந்து என்னையே வெட்டும்."

அந்தக் கயிறும் இதே ஸ்டாப் ஒயரைத்தான் எர்த் பண்ணுது. ஓட்டுறவர் மேல மாட்டிக்கிற அந்தக் கயிறை, அமெரிக்காவுல சின்ன மோட்டார் படகுகளுக்கு 2021 ஏப்ரல்லேர்ந்து சட்டமாவே ஆக்கிட்டாங்க. நாங்க ரெண்டு பேரும் அன்னிக்கு வரைக்கும் ஸ்டார்ட் ஆகுமான்னுதான் யோசிச்சோம். நிக்குமான்னு யோசிக்கவே இல்ல.

இந்த வாரம் ஒரே ஒரு ஹோம்வொர்க். உங்க வீட்டுப் பழைய வண்டியை ஸ்டார்ட் பண்ணி, சாவியை ஆஃப் பண்ணிப் பாருங்க. உடனே நிக்குதா? இல்லேன்னா நாளைக்கே மெக்கானிக்கிட்ட விடுங்க. எங்கப்பா கடை பஸ் ஸ்டாண்ட் பக்கம்தான்!